ஜீப் கேட்டவருக்குப் பூண்டு கிடைத்த கதை: குரூப் பேச்சு கடைகளை எப்படிச் சேர்க்கிறது?

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மன்னவனூர் போக ஜீப் வேணும். நாலு பேர். மதியத்துக்குள்ள திரும்பணும். யாராவது இருக்கீங்களாண்ணே?"

கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு பெண், ஊர் வியாபாரிகள் வாட்ஸாப் குரூப்பில் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சற்று நேரத்தில் ஜீப் ஓட்டும் ஒருவர் "நான் வர்றேங்க்கா" என்று பதில் போடுகிறார். வாடகை பேசி முடிகிறது. இதுவரை நடந்தது சாதாரண விஷயம். போனில் நாலு பேரைக் கூப்பிட்டிருந்தாலும் நடந்திருக்கும்.

வித்தியாசம் இனிமேல்தான். அதே குரூப்பில் பூம்பாறைக்காரர் ஒருவர் இருக்கிறார். பூண்டு விவசாயி. அதிகம் பேசாதவர், படிப்பதோடு சரி. மன்னவனூர் போகும் வண்டி பூம்பாறை வழியாகத்தான் போகும் என்பது அவருக்குத் தெரியும். ஜீப்காரருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புகிறார்: "தம்பி, திரும்பி வரும்போது நம்ம வீட்டுப் பக்கம் நிறுத்துங்க. பூண்டு கட்டித் தொங்கவிட்டிருக்கேன், வந்து பார்க்கட்டும்." வந்தவர்கள் பார்க்கிறார்கள், வாங்குகிறார்கள், ஹோம்ஸ்டேக்குத் திரும்பியதும் அந்தப் பெண்ணிடம் காட்டுகிறார்கள். அடுத்த வாரம் அவரே ஐந்து கிலோவுக்குச் சொல்லிவிடுகிறார், தங்க வருகிறவர்களுக்கு விற்க.

கேட்டது ஜீப்பை. பூண்டு வந்தது, சும்மா படித்துக்கொண்டிருந்த ஒருவர் மூலமாக. யாரும் விளம்பரம் செய்யவில்லை.

சமூக ஊடகம் என்றதும் சிறு வியாபாரிகளுக்கு நினைவு வருவது வாடிக்கையாளர்தான். படம் போட்டால் ஆள் வருவாரா, ரீல் போட்டால் ஆர்டர் வருமா என்று கேட்கிறார்கள். அது ஒரு பயன், மறுக்கவில்லை. ஆனால் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடர் மாதிரியான இடத்தில் அதைவிடப் பெரிய பயன், கடைக்கும் கடைக்கும் நடுவே உண்டாகும் தொடர்பு என்பது என் கணிப்பு. அந்தத் தொடர்பு உண்டாகும் விதத்தை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

தொடர்பு என்று எதைச் சொல்கிறோம்?

நம்பர் போனில் இருப்பது தொடர்பு ஆகாது. விசிட்டிங் கார்டு மேஜை டிராயரில் கிடப்பதும் ஆகாது. ஒரு தொழில் இன்னொன்றோடு நான்கு விதமாகச் சேரலாம். இன்னார் இன்ன வேலை செய்கிறார் என்று தெரிந்திருப்பது அடிமட்டம். அதற்கு மேலே, யாராவது கேட்டால் அவர் பெயரைத் தயங்காமல் சொல்வது. அதற்கும் மேலே, சரக்கை முன்னே கொடுத்துப் பணத்தைப் பின்னே வாங்கிக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் கடைக்கு ஒரு நெருக்கடி வந்தால் நம் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு ஓடுவது.

சமூக ஊடகப் பேச்சு முதல் இரண்டை மிக வேகமாகச் செய்யும். மூன்றாவதும் நான்காவதும் நேரில் பழகினால்தான் வரும். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து மேல்மலை விவசாயிக்கு விதைக்கும் உரத்துக்கும் கமிஷன் மண்டிக்காரர் கொடுக்கும் முன்பணத்தை எந்தக் குரூப்பும் கொடுக்காது. வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு வருடக்கணக்காகச் சரக்கு போகிறது என்றால் அதற்குப் பின்னால் அப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. "ஆன்லைனில் நேரடியாக விற்றுவிடலாம், மண்டியே வேண்டாம்" என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நெருங்கியவரைவிடத் தூரத்துப் பழக்கம்

இந்த விஷயத்தின் வேரே இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களிடம் அவர் பேசியிருந்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். பாதிக்கு மேற்பட்டவர்கள் எப்போதாவது என்றார்கள். மீதிப் பேர், கால்வாசிக்குச் சற்று மேல், அரிதாகத்தான் பார்ப்போம் என்றார்கள்.

காரணம் எளிது. நம்மோடு தினமும் டீ குடிப்பவருக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் அடுத்தடுத்து இருக்கும் நாலு கடைக்காரர்கள் வத்தலக்குண்டில் ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்கினால், அட்டைப்பெட்டி தீர்ந்த அன்று ஒருவரிடம் ஒருவர் கேட்டு என்ன பயன்? நாலு பேரும் ஒரே ஆளின் பெயரைத்தான் சொல்வார்கள். புதுப் பெயர் வேண்டுமானால் வேறு வட்டத்தில் புழங்குபவர் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வேறு வட்டத்துக்காரரை நாம் போனில் கூப்பிட்டுக் கேட்க மாட்டோம், அவ்வளவு பழக்கம் இல்லை. குரூப்பில் பொதுவாகப் போட்டால் அவர் கண்ணிலும் படும். கூச்சமில்லாமல் தூரத்துப் பழக்கத்திடம் கேட்க ஒரு வழி கிடைக்கிறது.

இது பழைய ஆய்வு, இன்றைக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். வேலை, தொழில் தொடர்புக்கான லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஐந்து ஆண்டு நடந்த பரிசோதனைகளின் முடிவு 2022-ல் வெளியானது. தூரத்துப் பழக்கம்தான் வேலை மாற அதிகம் உதவுகிறது என்று அதுவும் காட்டியது. கூடவே ஒரு திருத்தமும் சொன்னது: மிகவும் தூரமாகப் போனாலும் பயன் குறைகிறது. பொதுவான நண்பர்கள் சிலர் இருக்கும் அளவுக்குத் தூரம் இருந்தால் போதும். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், "ஆள நேரடியாத் தெரியாது, ஆனா நம்ம மாமா கடைக்கு அவர்தான் பால் ஊத்துறாரு" என்கிற அளவு. ஊர் வியாபாரிகள் குரூப்பில் முக்கால்வாசிப் பேர் நமக்கு இந்த வகைதான்.

ஒரே மலை, இரண்டு பாதை

அமெரிக்க ஆய்வு கிடக்கட்டும். பழனி மலையில் இது கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம்.

மேல்மலை என்றால் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை. பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ் விளையும் பக்கம். கீழ்மலை என்றால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, ஆடலூர். காப்பி, மிளகு, மலைவாழை, சவ்சவ், பட்டர் புரூட். மேல்மலைக்காரர்கள் எதற்கும் கொடைக்கானல் வருவார்கள். கீழ்மலைக்காரர்களில் பலருக்கு வத்தலக்குண்டோ ஒட்டன்சத்திரமோதான் சந்தை, கொடைக்கானல் டவுனுக்கு வர வேண்டிய தேவை குறைவு. மலை ஒன்று, சரக்கு இறங்கும் பாதைகள் வேறு. எனவே ஆட்கள் சந்திப்பதும் குறைவு.

இப்படி இரண்டு கூட்டங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பற்றி ரொனால்ட் பர்ட் என்ற இன்னொரு சமூகவியலாளர் 1992-ல் விரிவாக எழுதினார். அந்த இடைவெளியில் யார் நிற்கிறாரோ, இரண்டு பக்கத்துச் செய்தியும் அவர் வழியாகப் போகும், ஆதாயமும் அவருக்கு வரும் என்பது அவர் வாதம். நம் ஊரில் ரொம்ப நாளாக அங்கே நின்றவர்கள் புரோக்கர்களும் லாரிக்காரர்களும்.

ஓர் உதாரணம். ஏரிக்கரையில் ஒரு கபே. வாரம் பத்து கிலோ காப்பித் தூள் வேண்டும், வெளியூரிலிருந்து வரவழைக்கிறார்கள். தாண்டிக்குடியில் ஒரு சிறு தோட்டக்காரர், காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கும் ஊர்க்காரர், தன் காப்பியை உலர்த்தி மூட்டையாகக் கீழே அனுப்பிவிடுகிறார். இருவருக்கும் நடுவே ஒரு மலைப்பாதைதான் இருக்கிறது, ஆனால் இவர் இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒரு சிக்கல்: தோட்டக்காரரிடம் இருப்பது வறுக்காத கொட்டை, கபேக்கு வேண்டியது வறுத்து அரைத்த தூள்.

இப்போது கபேக்காரர் பேஸ்புக்கில் ஒரு உள்ளூர்க் குழுவில் கேட்கிறார்: "நம்ம மலைக் காப்பியே போட ஆசை. யாராவது தூளாகத் தர முடியுமா?" தோட்டக்காரர் சொல்கிறார்: "கொட்டை இருக்கு, வறுக்க மிஷின் இல்லைங்க." பேச்சு அங்கே நின்றுவிடும் போலத் தெரிகிறது. மூன்றாவதாக ஒருவர் வருகிறார், காப்பிக் கொட்டை பதப்படுத்துவதில் பெயர் எடுத்த பட்டிவீரன்பட்டியிலிருந்து: "கொட்டைய இறக்கி விடுங்க, வறுத்துத் தர்றது நம்ம பொறுப்பு."

இரண்டு பேர் தனியாகப் பேசியிருந்தால் "முடியாது" என்று முடிந்திருக்கும் பேச்சு இது. பலர் நடுவே நடந்ததால், என்ன குறைகிறது என்பது வெளியே தெரிந்தது, குறைந்ததை வைத்திருப்பவருக்கும் அது தெரிந்தது. போன் பேச்சுக்கும் குரூப் பேச்சுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் என்று எனக்குப் படுவது இதுதான்.

சின்னக் கணக்கு ஒன்று. 20 பேர் இருக்கும் இடத்தில் இருவர் இருவராகச் சேர 190 வழிகள் உண்டு. 100 பேர் என்றால் 4,950. எல்லாம் நடக்கப்போவதில்லை, பெரும்பாலானவை தேவையும் இல்லை. ஆனால் எந்த இருவர் சேர்ந்தால் பிரயோஜனம் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. பேச்சு நடந்தால்தான் அது தெரியவரும்.

பார்த்துக்கொண்டிருப்பவர்கள்

கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நீங்கள் ஒரு கடையில் விலை பேசும்போது, பக்கத்துக் கடைக்காரர் காது இந்தப் பக்கம்தான் இருக்கும். குரூப்பும் அப்படித்தான். எழுதுபவர் பத்துப் பேர் என்றால் எழுதாமல் படிப்பவர் எண்பது பேர். அட்மின்கள் இவர்களைப் பார்த்து "பேசவே மாட்டேங்கிறாங்க" என்று சலித்துக்கொள்வதுண்டு. தேவையில்லாத சலிப்பு. பூம்பாறைப் பூண்டுக்காரர் இந்த எண்பதில் ஒருவர்தானே.

பார்ப்பவர்கள் இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. பேச்சுக்குப் பொறுப்பு வருகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு மதிப்பு ஏறினால், வேறு ஊர்ப் பூண்டை மலைப்பூண்டு என்று விற்க நினைப்பவர்களும் வருவார்கள். தனியாகக் கேட்டால் "ஆமா, நம்ம மலைதான்" என்று சொல்லிவிடலாம். நூறு பேர் பார்க்க "எந்த ஊர்த் தோட்டம்ணே?" என்று கேட்டால், அதில் இருபது பேர் மேல்மலைக்காரர்கள் என்றால், பொய் சொல்ல வாய் வராது. நேர்மையாகப் பதில் சொன்னவர் பெயர் அந்த எண்பது பேர் மனதிலும் பதியும். அவர்களில் ஒரு உணவகக்காரரோ ஊறுகாய் போடுபவரோ ஆறு மாதம் கழித்துக் கூப்பிடுவார்.

போட்டியாளர்கள் நடுவேயும் இது வேலை செய்யும். 2024 மே 7-ஆம் தேதி முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைனில் முன்பே எடுக்கும் அனுமதி, வந்தது. இப்படி ஒரு விதி வரும்போது லாட்ஜ்காரர், ஜீப்காரர், ஹோட்டல்காரர் எல்லாருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: வருகிறவர்களுக்கு எப்படி விளக்குவது? அந்த நேரத்தில் விதியைப் பொறுமையாகப் படித்து நாலு வரியில் தெளிவாக எழுதிப்போடும் ஒருவர், தன் கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே, ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவர் ஆகிவிடுவார். மே மாதக் கூட்டத்தில் அறை நிரம்பியதும் மற்ற லாட்ஜ்காரர்கள் யாருக்கு ஆளை அனுப்புவார்கள்? நினைவில் வரும் பெயருக்குத்தான்.

மழைக்காலத்துக்கும் இது பொருந்தும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலையும் தாக்கியது, மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டன. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதே அப்போது எல்லாருக்கும் வேண்டிய சரக்கு. மலைப்பாதைச் செய்தியை நம்பிக்கையாகச் சொல்பவரிடம் பின்னாளில் லோடு ஏற்றத் தயங்க மாட்டார்கள்.

எந்த இடத்தில் எந்தப் பேச்சு

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். வாட்ஸாப் அவசரத்துக்கு நல்லது: ஜீப், கேஸ் சிலிண்டர், எலக்ட்ரீசியன். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம். ஆனால் இருநூறு தாண்டினால் மனிதர்கள் கேள்வி கேட்கக் கூச்சப்பட ஆரம்பிக்கிறார்கள், விளம்பரம் போடக் கூச்சப்படுவதில்லை. சின்னதாக இருப்பதே நல்லது. வாட்ஸாப்பில் இன்னொரு குறை, பதில் இரண்டு நாளில் மேலே போய் மறைந்துவிடும். "பேக்கிங் பை எங்கே கிடைக்கும்" மாதிரித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு பேஸ்புக் குழுதான் இன்னும் நல்லது, பழைய பதிவைத் தேடி எடுக்கலாம்.

இன்ஸ்டாகிராமில் வேலை செய்வது டேக். உங்கள் கபேயின் ரொட்டிப் படத்தைப் போடும்போது, ரொட்டி சுட்ட பேக்கரியையும் சீஸ் தந்தவரையும் டேக் செய்யுங்கள். அவர்களைத் தொடர்பவர்கள் உங்களையும் பார்ப்பார்கள் என்பது ஒரு பக்கம். நம் பெயரை இவர் கேட்காமலே சொன்னார் என்று பேக்கரிக்காரர் மனதில் நிற்பது இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

மேல்மலைப் பக்கம் டைப் செய்வதைவிட வாய்ஸ் நோட் அதிகம். அது நல்லதே, வயதானவர்களும் கலந்துகொள்கிறார்கள். ஒன்று மட்டும்: வாய்ஸ் நோட்டைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது ஒருவர் கீழே ஒரு வரி எழுதிவிட்டால் உபகாரம்.

கேட்கத் தெரிய வேண்டும்

"நல்ல பூண்டு யாரிடம் இருக்கு?" என்று கேட்டால் எல்லாரும் "என்னிடம்" என்பார்கள், அல்லது யாருமே பேச மாட்டார்கள். "ஞாயிறு காலைக்குள் மலைப்பூண்டு 20 கிலோ வேணும், மூஞ்சிக்கல்லில் வந்து எடுத்துக்கிறேன், பணம் கையில்" என்று கேட்டால், முடிந்தவர் மட்டும் பேசுவார். என்ன, எவ்வளவு, எப்போது, எங்கே என்ற நான்கும் இருந்தால் தூரத்தில் இருப்பவருக்கும் தன்னால் முடியுமா என்று உடனே தெரியும். மொட்டையாகக் கேட்ட கேள்விக்குத் தெரிந்தவர்கள் மட்டும்தான் பதில் சொல்வார்கள், தெரியாதவர்களுக்கு அதில் பிடிமானம் இல்லை.

அப்புறம், பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் ஒன்று. வேலை முடிந்ததும் திரும்பி வந்து சொல்வது. "கிடைச்சிருச்சு, கூக்கால் அண்ணன் குடுத்தாரு, சொன்ன நேரத்துக்கு வந்தது, நன்றி." இந்த ஒரு வரியால் கேட்டவருக்கு எந்த லாபமும் இல்லை, அதனால்தான் யாரும் எழுதுவதில்லை. ஆனால் அந்த எண்பது பேருக்கும் இது ஒரு சான்று. கேள்வி மட்டும் குவிந்து முடிவு தெரியாத குரூப்பில், யார் சொன்னதைச் செய்பவர் என்று யாருக்கும் தெரியாது.

சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால்? நான் தனியாகத்தான் சொல்வேன், ஊர் நடுவே போட மாட்டேன். சிறு ஊரில் மானம் போனால் ஆள் திரும்பி வர மாட்டார், அவர் அண்ணன் தம்பி நாலு பேரும் சேர்ந்தே வெளியேறுவார்கள்.

கெடுப்பவை

காலை வணக்கப் பூக்கள், கட்சிச் சண்டை, யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு. ஒரு நாளைக்கு முப்பது இப்படி வந்தால், படிக்க மட்டும் இருந்தவர்கள் குரூப்பை மியூட்டில் போடுவார்கள். வெளியேறினால் அட்மினுக்குத் தெரியும், மியூட்டில் போட்டால் தெரியாது. ஆள் கணக்கு அப்படியே இருக்கும், காது மட்டும் போய்விடும்.

பணம் விஷயத்தில் கவனம் வேண்டும். சீசன் நேரத்தில் மொத்தமாக வாங்குகிறேன் என்று புதிதாக ஒருவர் வருவார், "அட்வான்ஸ் போடுறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பார். யுபிஐ-யில் பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையில்லை. பின் கேட்டால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று பொருள்.

தங்க வந்தவர்களின் ஆதார் படத்தை "இவங்க சரியில்ல, ஜாக்கிரதை" என்று குரூப்பில் போடும் பழக்கத்தையும் விட வேண்டும். அது தப்பு என்பதோடு, நாளைக்கு யாரும் நம்பித் தங்க மாட்டார்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஹோம்ஸ்டேக்காரரும் பூண்டுக்காரரும் பழகிவிட்ட பிறகு குரூப்பில் பேச மாட்டார்கள், நேரே போனில் பேசிக்கொள்வார்கள். கபேக்காரர் காப்பித் தூள் கேட்டு மறுபடி பதிவு போட மாட்டார். அதாவது தொடர்பு உறுதியானதும் அது குரூப்பிலிருந்து காணாமல் போகிறது. ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை செய்தி வந்தது என்று எண்ணுவதில் அர்த்தமில்லை. நன்றாக நடக்கும் குரூப் சில மாதம் மந்தமாகவே தெரியும்.

அட்மினாக இருப்பவர், சீசன் கூட்டம் இறங்கிய ஜூன் மாதத்தில் ஒரு கேள்வி போட்டுப் பார்க்கலாம்: "இந்த சீசன்ல நம்ம குரூப் மூலமா யார்கிட்ட புதுசா வாங்கினீங்க, யாருக்குப் புதுசா குடுத்தீங்க?" முதலில் ஒருவர் சொல்வார். அதைப் பார்த்து இன்னொருவர் சொல்வார். மூன்றாவது நாலாவது பதிலில், "அட, அவர் சவ்சவ் கூட அனுப்புவாரா? எனக்கும் வேணுமே" என்று ஒரு புதுக் கேள்வி கிளம்பும்.